சர்வர் ஏற்காத எண்

...மெயில் திறக்காததற்குக் காரணம் பாஸ்வேர்டு இல்லை, அதை இரண்டாவது தடவையும் மாற்றிக் கொடுத்தாயிற்று, நெட்டும் இல்லை, மனைவியின் போன் நெட்டிலும் போட்டுப் பார்த்தாயிற்று, பிறகு எதுதான், என்று அவள் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள், அழுத்தத் தேவையே இல்லை, கம்ப்யூட்டர் உதவிக்குக் கூப்பிட்டிருக்கும் விற்பனைத் தலைவர் பேசினால் பக்கத்து மேஜைக்கும் கேட்கும், ஆபீஸில் அவருக்கு இடி சார் என்றுதான் பெயர், காலில் கட்டோடு வீட்டில் கிடக்கிறார், இடி மட்டும் குறையவில்லை. "ஆபீஸ்ல நல்லாத்தானேம்மா ஓடுச்சு, வீட்டுக்கு வந்ததும் அதுக்கு என்ன கேடு?" ஆபீஸுக்குள் இருந்தால் மெயில் சர்வர் பாஸ்வேர்டோடு விட்டுவிடும், வெளியிலிருந்து வந்தால்தான் போனில் அரை நிமிஷத்துக்கொருதரம் மாறும் அந்த எண்ணையும் கேட்கும், அதைத்தான் இன்று ஏற்க மாட்டேன் என்கிறது, அவர் வீட்டிலிருந்து வேலை தொடங்கிய அன்று ஏற்றுக்கொண்டதே, நடுவில் என்ன வந்தது... நாற்காலிக்குப் பின்னால் டீம் லீடர் வந்து நின்றுவிட்டார். "முடியலைன்னா லைனை என்கிட்ட குடும்மா." கொடுத்துவிடலாம், கல்லூரியில் வாய்மொழித் தேர்வில் விடை தெரிந்தும் தரையைப் பார்த்து நின்றவள்தானே, ஆனால் இன்று கொடுத்தால் இனி பிரிண்டருக்குத் தாள் போடத்தான் கூப்பிடுவார்கள், பயிற்சியில் இருப்பவர்களில் யாருக்கு நிரந்தர வேலை என்ற பட்டியலை இந்த மாதம்தான் எழுதுகிறார்கள்... "நானே பாத்துக்கறேன் சார்." இது யார் குரல், தன்னுடையதா?

"சீக்கிரம்மா, மணி நாலாச்சு, அஞ்சுக்குள்ள பதில் போகலைன்னா ஆர்டர் வேற கம்பெனிக்குப் போயிடும்." நாலா? அவள் திரையின் மூலையில் மூணே முக்கால்தான். ஒருவருடைய நாலு இன்னொருவருக்கு எப்படி மூணே முக்கால் ஆகும்... நேரத்தை வைத்துத்தானே அந்த எண்ணே பிறக்கிறது, பாவம் சர்வர், இன்னும் பிறக்காத எண்ணை அது எப்படி ஏற்கும். "சார், உங்க போன்ல மணி கொஞ்சம் வேகமா இருக்கா?" போனில் இடிக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல், "நான்தான்மா கால் மணி முன்னாடி தள்ளி வச்சேன், கட்டுப் பிரிக்கிற டாக்டரையே போன வாரம் நேரத்துக்குக் கிளம்பாம கோட்டை விட்டாரு இந்த மனுஷன்." "என் போனை நீ எதுக்குடி நோண்டினே?" "நோண்டலைன்னா ஆயுசுக்கும் கட்டோடதான் கிடப்பீங்க." அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள், சிரித்தால் காதில் விழும், செட்டிங்கில் எங்கே தொட வேண்டும் என்று மெதுவாகச் சொன்னாள், புது எண், ஒரு மூச்சு நேரம்... "ஏம்மா, கொட்டுது, மெயில் மழையாக் கொட்டுது. பதிலும் போயிடுச்சு. நல்லா இரும்மா." முதுகு தானாகவே நிமிர்ந்தது, நாற்காலியே உயர்ந்துவிட்டதுபோல.

"என்னதான் பிரச்சினை?" என்றார் டீம் லீடர். "போன்ல டைம் செட்டிங் சார். சரி பண்ணியாச்சு." அவர் புருவத்தை உயர்த்தி, "பரவாயில்லையே," என்றார், அடுத்த மேஜைக்குப் போய்விட்டார். யார் மாற்றி வைத்தது, ஏன் என்று அவள் சொல்லவில்லை, சொன்னால் இந்த மாடி முழுக்க வயிறு குலுங்கச் சிரிக்கும், அவள் பெயரும் எல்லோர் வாயிலும் வரும், சொல்லியிருக்கலாம்தான், ஆனால் கட்டுப் பிரித்த காலோடு அந்த மனிதர் திரும்பி வந்து இவர்கள் நடுவில்தானே உட்கார வேண்டும்... இதுவரை அவள் வாயைத் திறக்காமல் விட்டதெல்லாம் பயத்தில், இது பயமில்லை, நெஞ்சு நிறைந்துதான் இருக்கிறது, அப்படியானால் பேசாமல் இருப்பதிலேயே இரண்டு வகை உண்டா, இத்தனை நாளும் அவள் பேசாமல் இருந்தது எல்லாமே அந்தப் பயந்த வகைதானா...