மரியாதையான அதிகாரி

பௌர்ணமிப் போயா விடுமுறை நாள் மத்தியானம், டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் வாசகசாலையில் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று ஓடி முடிந்தது. குதிரைப்படைக்காரர்கள் பழங்குடிகளை அவர்களுடைய நிலத்தை விட்டுக் கிளப்புகிற கதை. அதைப் பற்றி நாலு வார்த்தை பேச எழுந்தார் கிளாக்கர் செல்லசாமி. தோட்டத்து ஆபீசில் இருபத்தாறு வருசமாகக் கடிதம் எழுதுகிறவர். பேச்சையும் இலக்கமிட்டே எழுதி வந்திருந்தார்.

முதலாவது, இந்த வகைப் படங்கள் தடம் மாறிய காலத்தில் வந்தது இது என்றார். அதற்கு முன்னால் குதிரைப்படையின் கொம்புச் சத்தம் கேட்டாலே கொட்டகை கைதட்டும். குதிரையில் வருகிறவன் நல்லவன், எதிரே நிற்கிறவன் கெட்டவன். இதிலும் குதிரைகள் புழுதி பறக்க வருகின்றன, பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் கமரா எதிரே நிற்கிற கிழவியின் முகத்திலும் கொஞ்ச நேரம் நின்றுவிடுகிறது. தட்டப்போன கை பாதியில் நின்றுபோகும். இரண்டாவது, அந்த இளம் அதிகாரி. வெளியேறச் சொல்லும் உத்தரவைத் தொப்பியைக் கழற்றிவிட்டு எவ்வளவு மரியாதையாக வாசிக்கிறான்!

"நெசந்தாங்க," என்றாள் முன்வரிசையிலிருந்த மீனம்மா, கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றவள். "நம்ம கிளாக்கரையா மாதிரியே. போன மாசம் தொரையோட கடுதாசிய எவ்வளவு பக்குவமா வாசிச்சுக் காட்டுனாங்க."

நாலைந்து பேர் சிரித்துத் தலையாட்டினார்கள். செல்லசாமிக்குக் காது மடல் சுட்டது.

தோட்ட மனேஜர் துரைக்காக அந்த இங்கிலீசுக் கடிதத்தை எழுதியதே அவர்தான். மீனம்மா வீட்டில் யாரும் இப்போது தோட்டத்தில் வேலை செய்யாததால், தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் அவள் குடியிருக்கும் காம்பராவை மாத முடிவில் விட்டுத்தரச் சம்மதம் என்று அதில் இருந்தது. அவரோ அவள் வாசலில் நின்று, காம்பரா விசயமாக விபரம் எடுக்கிறார்கள் என்று மட்டும் சொல்லிக் கையெழுத்து வாங்கினார். அவள் கொடுத்த தேத்தண்ணியையும் குடித்துவிட்டு வந்தார். அவள் முகம் வாடுவதைப் பார்க்கத் தைரியமில்லை. படத்து அதிகாரியாவது உள்ளதை வாசித்தான்.

மூன்றாவதை வாசிக்காமல் தாளை மடித்தார்.

"மீனம்மா, நான் சரியா வாசிக்கல. காம்பராவ விட்டுப் போகச் சம்மதம்னு அதுல இருக்கு. தெரிஞ்சுதான் சொல்லாம விட்டேன்."

மீனம்மா அவரையே பார்த்தாள்.

"என் கையால தேத்தண்ணி வாங்கிக் குடிச்சீங்களே."

தொழிற்சங்கத் தலைவர் இராமையா மேசையை இழுத்துப் போட்டார். கையெழுத்து ஏமாற்றி வாங்கியது என்று அரசாங்கத் தொழில் திணைக்களத்துக்கு இப்போதே தமிழில் எழுதச் சொன்னார். செல்லசாமி திகதி, விலாசம், விடயம் என்று ஒழுங்காக எழுதி நீட்டினார். மீனம்மா வாங்கி, விரல் வைத்து எழுத்துக்கூட்டினாள்.

"தோட்ட நிர்வாகம் ஏமாத்திருச்சுன்னு இருக்கு. ஒங்க பேரக் காணோமே?"

செல்லசாமி பேனாவை மறுபடி திறந்தார். பெயரை எழுதிக் கொடுத்தார். அதையும் அவள் எழுத்துக்கூட்டி வாசித்து முடிக்கும்வரை அவர் தலை நிமிரவில்லை.