ஜமீன் அழுததாகச் சொன்னது நான்தான்

அந்த வீடியோவை நான் அனுப்பியிருக்கக் கூடாது. அனுப்பினாலும் அத்தோடு விட்டிருக்கலாம். பின்னணியில் ஒரு சோக வயலினைச் சேர்த்து, "அக்காவை நினைத்து அழும் ஜமீன்" என்று தலைப்பும் போட்டுக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஏற்றினேன். முக்கால் மணி நேரத்தில் ஒன்பது பேர் அழுகிற பொம்மை போட்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. மறுநாள் காலை, சிதம்பரத்தில் ஹாஸ்டலில் தங்கி விவசாயம் படிக்கும் என் மகள் இளமதி, அன்றைக்கு இருந்த பிராக்டிகல் தேர்வை விட்டுவிட்டு, பஸ் ஏறி, மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

ஜமீன் எங்கள் நாய். வயது ஒன்றரை. பெண்ணாடத்தில் சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கும் என் சகலை கொடுத்தது. நாயின் அப்பா லாப்ரடார் என்று சத்தியம் செய்தார். அம்மாவைப் பற்றிக் கேட்டபோது பேச்சை மாற்றிவிட்டார். ஒரு வேலையும் செய்யாமல் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, வருகிறவர்களைப் படுத்தபடியே விசாரிப்பதால் அந்தப் பெயர்.

இளமதி ஹாஸ்டலுக்குக் கிளம்பிய வாரம்தான் ஜமீனின் இடது கண்ணில் நீர் வடிய ஆரம்பித்தது. நான் உடனே காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன்: பிரிவாற்றாமை. ஒரு கண்ணில் மட்டும் எப்படி அழும் என்று என் மனைவி எழிலரசி கேட்டாள். இந்த மாதிரிக் கேள்விகளைக் கேட்பதற்கென்றே பிறந்தவள். இதயம் இடது பக்கம்தானே இருக்கிறது என்று பதில் சொன்னேன்.

வைத்தியத்தையும் நானே ஆரம்பித்தேன். தினமும் சாயங்காலம் இளமதிக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, ஜமீனின் காதருகே பிடிப்பேன். அது வாலாட்டும். வாலாட்டினால் குணமாகிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன். கண் மட்டும் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே வந்தது. இரண்டு வாரம் இப்படி ஓடியது. அலுவலகத்தில் இந்தக் கதையை மேஜை மேஜையாகச் சொல்லி நல்ல பெயர் வாங்கியிருந்தேன்.

அதன் பிறகுதான் அந்த வீடியோ. அதைப் பார்த்துவிட்டு வந்த இளமதி பையைக்கூடக் கழற்றவில்லை. தரையில் உட்கார்ந்து ஜமீனின் முகத்தை மடியில் வைத்து, கீழ் இமையை விரலால் மெதுவாக இழுத்துப் பார்த்தாள்.

"அப்பா, இது அழுவல. இமை உள்ளாற மடிஞ்சிருக்கு. முடி பூரா கண்ணுல குத்திக்கிட்டு இருக்கு, பாருங்க."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தேன். அவசரமாகச் சட்டை போட்டால் காலர் உள்பக்கம் மடிந்துகொள்ளுமே, அப்படி இருந்தது இமையின் விளிம்பு. ஜமீன் கண் சிமிட்டிய ஒவ்வொரு முறையும் சின்னச் சின்ன முடிகள் விழியில் உரசின. நான் பார்த்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க அது என் மணிக்கட்டை நக்கிக்கொண்டிருந்தது.

"ரெண்டு வாரமா குத்துதுப்பா" என்றாள். விட்டுவிட்டு வந்த பிராக்டிகலைப் பற்றிப் பேசவில்லை. பேசியது எழிலரசிதான்.

"கண்ணுல தண்ணி வந்தா அழுகைன்னா, இருவது வருஷமா உங்களுக்கு வெங்காயம் நறுக்குறேன். ஒரு வீடியோ எடுத்தீங்களா?"

அன்று மாலையே பக்கத்திலிருந்த கால்நடை மருத்துவரிடம் போனோம். அவர் கண்ணில் ஒரு சாயத்தை விட்டு நீல விளக்கு அடித்தார். கருவிழியில் கடுகளவு ஓர் இடம் பச்சையாக மின்னியது. கீறல் என்றார். கீறலுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார், ரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார், கண்ணைச் சொறியாமல் இருக்கக் கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் கூம்பை மாட்டினார். ஆனால் மடிந்த இமை மருந்துக்கு நிமிராது, அறுவை செய்துதான் நிமிர்த்த வேண்டும், அதைச் சிதம்பரத்தில் பவானி டாக்டர் செய்வார், யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

யோசிக்கச் சொன்னால் நான் அடுத்தவர்களைக் கேட்பேன். அலுவலகத்தில் கேட்டேன். முதுநகரில் ஒரு நாய் மயக்க ஊசி போட்டதோடு எழுந்திருக்கவே இல்லை என்று ஒருவர் சொன்னார். அவருடைய மச்சினருக்குத் தெரிந்தவர் வீட்டு நாயாம். கண் விஷயம், தள்ளிப்போடாதீர்கள் என்று இன்னொருவர் சொன்னார். சொல்லிவிட்டு, அவசரமும் படாதீர்கள் என்றார். எழிலரசியின் தம்பி அன்பரசு இரண்டு பக்கமும் தலையாட்டி, "நீங்க பாத்து எது செஞ்சாலும் சரிதான் மாமா" என்றான். எழிலரசி என்னைச் சொல்லச் சொன்னாள். நான் அவளைச் சொல்லச் சொன்னேன்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. நான் கேட்ட விதம் அப்படி. ஜமீனுக்குக் கண்ணைத் திருத்தும்போது புருவத்தையும் சேர்த்துத் திருத்திவிடலாமா என்றுதான் எல்லோரிடமும் ஆரம்பித்தேன். சிரித்தார்கள். சிரித்துக் கேட்கிறவனுக்குச் சிரிப்பான பதில்தான் கிடைக்கும். மறுநாளே ஹாஸ்டலுக்குத் திரும்பிய இளமதி, பிராக்டிகலை அடுத்த வாரம் எழுதிக்கொள்ளலாம் என்று அவளுடைய சார் சொல்லிவிட்டதாகத் தகவல் அனுப்பினாள். அதன் பிறகு தினமும் ஒரே ஒரு வார்த்தை: "என்னாச்சு?"

என்னாச்சு என்றால், எனக்குப் பயமாக இருந்தது. ஜமீன் வலியில் துடித்ததைப் படமெடுத்து வயலின் வாசித்தவன் நான். நான் அறுவைக்குக் கையெழுத்துப் போட்டு, அது மயக்கத்திலேயே போய்விட்டால்? போடாமல் விட்டு, கண் போய்விட்டால்? இதை யாரிடமும் சொல்லவில்லை. புருவத்தைப் பற்றி மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை அன்பரசு தன் வேனை எடுத்துவந்தான். பவானி டாக்டரிடம் காட்டியாவது பார்க்கலாம் என்று ரத்த ரிப்போர்ட்டும் கையுமாகச் சிதம்பரத்துக்குக் கிளம்பினோம். ஜமீனுக்கு ஜன்னலில் தலை நீட்டிக் காற்று வாங்க வேண்டும், கூம்பு விடவில்லை. முட்டி முட்டிப் பார்த்துவிட்டு, கூம்பின் விளிம்பை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு வந்தது. பு.முட்லூரில் டீக்கு நிறுத்தினோம். ஜன்னலில் நீண்டிருந்த கூம்பைப் பார்த்து, எந்தக் கட்சிக்கு மைக் கட்டியிருக்கிறீர்கள் என்று டீக்கடைக்காரர் கேட்டார். ஜமீனுக்கு ஒரு பொறை வாங்கிக் கொடுத்தேன். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, கூம்புக்குள் விழுந்த தூளையும் விடாமல் தின்றது. அந்த ஐந்து நிமிடம் எங்கள் மூவருக்கும் எந்தக் கவலையும் இல்லை.

இளமதி எங்களுக்கு முன்பே பவானி டாக்டரின் கிளினிக்கில் உட்கார்ந்திருந்தாள். டாக்டருக்கு ஐம்பது வயதிருக்கும். அதிகம் பேசவில்லை. ஜமீனின் நெஞ்சில் குழாய் வைத்து வெகுநேரம் கேட்டார், ரிப்போர்ட்டைப் படித்தார், பிறகு கண்ணில் மரத்துப்போகும் சொட்டு மருந்து ஒன்றை விட்டுவிட்டுக் காத்திருந்தார். சற்று நேரத்தில் ஜமீன் இடது கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. இரண்டு கண்ணாலும் அது என்னைப் பார்த்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது. சரியாகிவிட்டதா என்று எழுந்தேவிட்டேன். இல்லையாம். வலியால் இறுக்கியதால் மட்டும் இமை மடிந்திருந்தால், வலி போனதும் நிமிர்ந்திருக்கும். இது நிமிரவில்லை, அமைப்பே அப்படி என்றார். என் சட்டைக் கையைச் சற்றுக் கிள்ளிப் பிடித்துக் காட்டினார். இமைக்குக் கீழே இந்த அளவு தோலைப் பிறை மாதிரி வெட்டி எடுத்துத் தைத்தால் விளிம்பு வெளிப்பக்கம் வந்துவிடும். அதிகம் வெட்டினால் இமை தொங்கிவிடும் என்பதால் முதலில் கொஞ்சமாகத்தான் வெட்டுவார். போதவில்லை என்றால் பிறகு இன்னொரு முறை சின்னதாகச் செய்ய வேண்டியிருக்கலாம்.

ஒப்புதல் படிவத்தை என் முன்னால் வைத்தார். பேனாவைத் திறந்தேன். கை எழுதவில்லை. வாய் மட்டும் வழக்கம்போல் வேலை செய்தது.

"டாக்டர், எனக்கும் கண்ணுக்குக் கீழ தொங்குது. அப்படியே சேத்து எடுத்துட்டீங்கன்னா..."

அன்பரசு சிரித்தான். டாக்டர் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்து எனக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"சார், உங்களுக்கு என்னா தெரியணும்? அதக் கேளுங்க."

அன்பரசு மின்விசிறியைப் பார்த்தான். இளமதி என்னைப் பார்த்தாள்.

"ரெண்டு வாரம் நான் வீணாக்கிட்டேன்" என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. "அதனால கண்ணு போயிடுமா? மயக்க ஊசி போட்டா எழுந்திருப்பானா? உங்க நாயா இருந்தா செய்வீங்களா?"

"நீங்க லேட் பண்ணது தப்புதான்" என்றார் டாக்டர். "ஆனா கீறல் மேலாக்கத்தான் இருக்கு. ஆறிடும். பார்வை போவாது. மயக்கத்துல துளியும் பயமில்லன்னு நான் சொல்ல மாட்டேன், எந்த டாக்டரும் சொல்ல முடியாது. இவனுக்குச் சின்ன வயசு, நெஞ்சு நல்லா இருக்கு, ரத்தம் நல்லா இருக்கு. பயம் ரொம்பக் கம்மி. செய்யாம விட்டா கீறல் ஆற ஆறத் திரும்பக் குத்தும், அந்தக் கண்ணு போயிடும். என் நாயா இருந்தா திங்கக்கிழம காலையில செஞ்சிடுவேன் சார்."

படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, திங்கட்கிழமை எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டேன்.