ஆயர் கிணற்றுக்குள் கேட்ட வசவு

எங்கள் ஊர் ரோக்காதூஃபோ இருக்கும் மலையின் அடி முழுக்க ஓட்டை. ரோமானியருக்கும் முந்திய எத்ருஸ்கர் காலத்தில் மழைநீர் போக வாய்க்கால் குடைந்தார்கள். முற்றுகைக்குப் பயந்த ஓர் ஆயர் பேராலயத்தின் முன்னால் பெரிய கிணறு வெட்டினார். பின்னால் வந்தவர்கள் ஆளாளுக்குத் தங்கள் வீட்டடியில் ஒயின் கிடங்கு தோண்டிக்கொண்டார்கள். இவையெல்லாம் உள்ளே எங்கோ ஒன்றோடொன்று சேருகின்றன என்று ஊர்ப் பள்ளியில் வரலாறு நடத்தும் நான் வருடந்தோறும் பிள்ளைகளிடம் சொல்வேன். சேரும் இடத்தைப் பார்த்தவர் யாருமில்லை.

புது ஒயினைத் திறந்து குடிக்கும் புனித மார்த்தினோ திருநாளுக்கு முந்தின நாள். விடாத மழை. பழைய நகரவாசலை ஒட்டி உணவு விடுதி நடத்தும் எர்சீலியா, புது ஒயின் எடுக்கக் காலையில் கிடங்குக்குள் இறங்கினாள். இறங்கிய கொஞ்ச நேரத்தில் வாசலுக்கு மேலிருந்த கோட்டைச் சுவர் சரிந்து கிடங்கின் வாயை மூடிவிட்டது.

சத்தம் கேட்டு ஓடினேன். அவள் கணவன் துயீலியோ வெறுங்கையால் கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தான். நகக்கண்ணெல்லாம் ரத்தம்.

“எர்சீலியா! சத்தம் குடும்மா! ஒரு சத்தம் குடு!”

உள்ளேயிருந்து ஒன்றும் வரவில்லை.

தீயணைப்புப் படையினர் வந்தார்கள். “இயந்திரம் வச்சா மிச்சச் சுவரும் இறங்கிடும். கையாலதான் எடுக்கணும்” என்றார் அவர்களின் தலைவர். வரிசையாக நின்று கல்லைக் கைமாற்றினோம். எடுக்க எடுக்க மேலிருந்து மண் வந்து விழுந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

துயீலியோவின் அக்கா நசரேனாவும் வந்து நின்றாள். அவளுக்கும் எர்சீலியாவுக்கும் பல வருடமாகப் பேச்சு கிடையாது. நசரேனாவின் மகள் கல்யாணத்தில் அவள் வீட்டு ஒயினை ஒரு வாய் குடித்துவிட்டு, “காடிதான், கீரைக்கு ஊத்திக்கலாம்” என்று எர்சீலியா சபை நடுவே சொல்லிவிட்டாள். அன்றோடு முறிந்தது. அந்த நசரேனாவால் கற்குவியலைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. பேராலயத்துக்குப் போனாள், கதவு பூட்டியிருந்தது. ஆயர் கிணற்றின் படியிலேயே மழையில் உட்கார்ந்து ஜெபமாலையை உருட்டத் தொடங்கினாள்.

பிற்பகலில் செருப்பில்லாமல் ஓடிவந்தாள்.

“கிணத்துக்குள்ள இருந்து என் தம்பிய யாரோ திட்டுறாங்க!”

எல்லோரும் ஓடினோம். கிணற்றை மூடியிருந்த கம்பிவலைமேல் குப்புறப் படுத்துக் காது கொடுத்தேன். ஆழத்திலிருந்து குரல் வந்தது.

“துயீலியோ! அடே கழுத! காது செவிடாடா உனக்கு?”

துயீலியோ அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். நசரேனாதான் வலையில் வாயை வைத்துக் கத்தினாள்.

“எர்சீலியா! உசுரோடதான் இருக்கியாடி?”



“யாரது? அண்ணியா?”

“ஆமாண்டி, நான்தான்!”

“ஏன், மேல வேற யாருமே இல்லையா?”

கூட்டம் வெடித்துச் சிரித்தது. தீயணைப்புத் தலைவர்கூட வாயைப் பொத்திக்கொண்டார். நசரேனா சிரித்துக்கொண்டே தேம்பித் தேம்பி அழுதாள்.

வலையை அறுத்து, கயிற்றில் ஓர் ஆள் இறங்கி அவளைக் கட்டி மேலே அனுப்பினார். தலைமுதல் கால்வரை சேறு, முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. சுவர் சரிந்தபோது கிடங்கின் பின்சுவரும் பிளந்து குளிர்காற்று வந்ததாம். கைபேசி வெளிச்சத்தில் அந்தப் பிளவுக்குள் நுழைந்திருக்கிறாள். உள்ளே வாய்க்காலில் முழங்கால் அளவு தண்ணீர்.

“தண்ணி எங்கயோ போய்த்தானே ஆகணும்? அது போற எடத்துக்கு நானும் போறேன்னு தவழ்ந்தேன். நடுவுல கைபேசி அணைஞ்சிடுச்சு. அப்போதான் அழுதேன்” என்றாள். பிறகு என்னைத் தேடிப் பார்த்து, “வாத்தியாரே, எல்லாம் சேருதுதான். சேருற எடத்துல எலி ஜாஸ்தி” என்றாள்.

நசரேனா தன் மேலங்கியைக் கழற்றி அவள் தோளில் போட்டாள். “பேசினது போதும். வீட்டுக்கு வா. வெந்நி வச்சுத் தரேன்.”

“வரேன் அண்ணி” என்றாள் எர்சீலியா, மறுபேச்சில்லாமல்.

மருத்துவர் பார்த்து முடிக்கும்வரை துயீலியோ அவள் சேற்றுக்கையை விடவில்லை. நசரேனாவின் வீட்டில் அவள் குளித்துத் தலை துவட்டிக்கொண்டு அடுப்படிக்கு வந்தபோது, நாற்காலியில் சாய்ந்தபடியே அவன் தூங்கிப்போயிருந்தான். “எழுப்பாதீங்க” என்று சொல்லிவிட்டு, அவள் அவன் விரல்களுக்கு மருந்து போட உட்கார்ந்தாள்.