மாரிமுத்துவின் ரத்தக் குழாய்

என் தங்கை அலமேலுவின் கன்னச் சிவப்பை மினுக்கப் பூசிய சாயம் என்று நினைத்து, ரோஸ் ஹில் ஸ்வெட்டர் ஆலையிலிருந்து அவளைத் துரத்தினான் மேற்பார்வையாளன் மாரிமுத்து. அது லூபஸ் நோய். அவளுடைய வெள்ளணுக்களே தப்பான சைகையை நம்பி அவளைத் தாக்கிக்கொண்டிருந்தன.

எண்பத்தேழாம் ஆண்டில் அவன் ரத்தம் எங்கள் ஆய்வகத்துக்கு வந்தது. கழுத்தில் கட்டி, லிம்ஃபோமாவா என்று சந்தேகம். வெள்ளணுச் சைகைகளை ஆராயும் அந்த இடத்தில் நான் விஞ்ஞானி இல்லை, சோதனைக் குழாய் கழுவுகிறவன். ஒரு குழாயை வெயிலில் மறந்துவைத்துக் கெடுக்க விஞ்ஞானம் எதற்கு?

பரிசோதனைக்கு வந்திருந்த அலமேலுவிடம் என் திட்டத்தைப் பெருமையாகச் சொன்னேன்.

"வேணாண்ணே! அவன் பொழைக்கணும். ஆலை வாசல்ல எல்லாரும் பாக்க என்கிட்ட பர்தோன்னு மன்னிப்புக் கேக்கணும்."

குழாயை உடனே டாக்டரிடம் ஓடிப்போய்க் கொடுத்தேன். இப்போது மாரிமுத்துவின் ஆயுளுக்காக அவன் மனைவியைவிட நான்தான் அதிகம் வேண்டிக்கொள்கிறேன்.