எல்லோருக்கும் வந்த மாற்றம்

இலவச இயங்குதளம் ஒன்றைச் சம்பளமில்லாமல் உருவாக்கும் ஐந்து பேர், தங்களை உயர்மட்டக் குழு என்று அழைத்துக்கொண்டார்கள். கீழ்மட்டம் என்று ஒன்று கிடையாது. டீ குடிக்க எழுந்திருப்பதற்கும் வாக்கெடுப்பு உண்டு. தலைவருக்கு முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் தத்துவம்.

குழுவில் நெட்வொர்க் பகுதியைக் கவனித்தவள் கேட்டது ஒன்றே ஒன்று. எந்தத் தளத்தைத் திறந்தாலும் கணினி முதலில் ஒரு டிஎன்எஸ் சர்வரிடம் அதன் பெயரைச் சொல்லி முகவரி கேட்கும். வழக்கமாக அது, வீட்டுக்கு இணைப்புக் கொடுத்த கம்பெனியின் சர்வர். யார் எங்கே போனார்கள் என்பது அங்கே அப்பட்டமாகத் தெரியும். அடுத்த பதிப்பிலிருந்து அந்தக் கேள்வியைக் கம்பெனி படிக்க முடியாதபடி பூட்டி வேறு சர்வருக்கு அனுப்புவோம், எல்லோருக்கும் அதுவே இயல்பாக இருக்கட்டும் என்றாள்.

உண்மைக் காரணத்தை வெளியே விடவில்லை. அவள் தங்கை வீட்டுக்கு இணைப்புக் கொடுத்த கம்பெனியில்தான் தங்கையின் கணவனுக்கு வேலை. அடிபட்ட பெண்களுக்கு அடைக்கலம் தரும் விடுதி ஒன்றைத் தங்கை இணையத்தில் தேடியாக வேண்டும். அவனோ அவள் போனையும் நோண்டுவான், கணினி அமைப்புகளையும் நோண்டுவான்.

"நீயே வந்து மாத்திக் குடேன்க்கா."

"கையால மாத்தினா கண்டுபிடிச்சிடுவான்டி. எல்லாருக்கும் வந்த மாற்றம்னா உன்னை எதுக்குக் கேக்கப்போறான்? புதுப் பதிப்பு வந்ததும் போடு, அப்புறம் தேடு. அதுவரைக்கும் மூச்சு விடாதே."

குழு கை தூக்கியது, தீர்மானம் நிறைவேறியது.

வெளியீட்டு நாளன்று, தான் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் அலுவலகத்தில் அறிவிப்பைத் திறந்தாள். சுதந்திரம் என்ற சொல் பத்திக்குப் பத்தி மணந்தது. கடைசியில் ஒரு வரி: பயனரின் தேர்வுரிமையை மதித்து டிஎன்எஸ் பழையபடியே தொடரும்.

தத்துவத்தை அழைத்தாள்.

"திடீர்னு தோணுச்சும்மா. நாமளா ஒரு சர்வரைத் திணிச்சா அது சர்வாதிகாரம் இல்லையா? வேணுங்கிறவங்க மாத்திக்கட்டும். ரெண்டே க்ளிக்."

"வாக்கெடுத்தோமே சார்!"

"மனசாட்சிக்கு ஏதும்மா வாக்கெடுப்பு? சரி சரி, கேக் வெட்டப்போறோம், நீ எங்க இருக்கே?"

வைத்துவிட்டுத் தங்கையின் எண்ணை அழுத்தினாள். எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். எடுத்தது தங்கையின் கணவன்.

"சொல்லுங்க அண்ணி."

இந்நேரம் அவன் வேலையில் இருக்க வேண்டியவன்.

"மாப்ள, அவகிட்ட குடுங்க."

"காலையிலேயே புதுப் பதிப்பைப் போட்டுட்டா, கெட்டிக்காரி. அப்புறம் விடுதியாம், வக்கீலாம், என்னென்னமோ தேடினா. ஆபீஸ்ல உக்காந்து பாத்துக்கிட்டேதான் இருந்தேன். பாதியிலேயே கெளம்பி வந்துட்டேன்."

"அவகிட்ட குடுங்கன்னு சொல்றேன்."

"படுத்திருக்கா."

"எழுப்புங்க."



"எழுப்பிப் பாத்துட்டேன் அண்ணி," என்றான்.