மூன்று மணிக்கு வரும் எழுத்து

புது கீபோர்டும் மவுசும் வந்த அன்று பெட்டியைப் பிரித்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் முழித்தேன். கீபோர்டுக்கு இரண்டு பேட்டரி, மவுசுக்கு ஒன்று. போட்டாயிற்று. அடியில் இருந்த சுவிட்சையும் தள்ளியாயிற்று. திரையில் எதுவும் அசையவில்லை. வயர் இல்லாத செட் என்றால் கம்ப்யூட்டரில் குத்துவதற்கு ரிசீவர் என்று ஒன்று வர வேண்டும், சுண்டுவிரல் நகம் அளவு சமாசாரம். அதை மட்டும் காணோம். கடைக்காரருக்குப் போன் போட்டு, ஏமாற்றுக்காரர் என்று சொல்லாத குறையாகப் பேசினேன்.

"மவுசோட வயித்தைத் திறந்து பாருங்க மேடம்" என்றார் பொறுமையாக.

பேட்டரிக்குப் பக்கத்துப் பள்ளத்திலேயே பதுங்கியிருந்தது. நானே திறந்து, நானே பேட்டரி போட்டு, நானே மூடியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்காமல் போனை வைத்தேன். ரிசீவரைக் கம்ப்யூட்டரின் முன்பக்கத்தில் குத்தியதும் அம்புக்குறி நகர்ந்தது. 'அம்மா' என்று அடித்துப் பார்த்தேன். வந்தது.

பழைய செட் என் கணவருடையது. அதற்கும் வயர் கிடையாது. அவர் போய் எட்டு மாதம் ஆகிறது. நான் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு அவருடைய கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து, பதிப்பகங்களுக்குக் கையெழுத்துப் பிரதிகளை டைப் செய்து கொடுக்கிறேன். அவருடைய கீபோர்டின் கீழ்ப்பட்டை, அவர் கட்டைவிரல் படும் இடத்தில் மட்டும் வழுவழுவென்று தேய்ந்திருக்கும். அதன்மேல் என் விரல் படும்போதெல்லாம் வேலை நின்றுபோகும். அதனால்தான் புதுசு வாங்கினேன். பழசைக் குப்பைக்கு எடுத்து வைத்தபோது மாமா, அதாவது என் மாமனார், "குடு, நான் போட்டுடறேன்" என்று வாங்கிக்கொண்டார். எனக்கும் நிம்மதியாக இருந்தது.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். பேசிக்கொள்வது சாப்பாட்டு வேளையில் மட்டும், அதுவும் உப்பைப் பற்றி. என் கணவர் இறந்த அன்று நான் ஆபீசில் இருந்தேன், மாமா வீட்டில் இருந்தார். "தூங்கிட்டிருந்தான்மா. தூக்கத்துலயே போயிட்டான்." எட்டு மாதமாக இதே வாக்கியம்தான். ஒரு சொல் கூடியதில்லை, குறைந்ததில்லை. ஆனால் அன்று காலையில் என்னோடு வாசல்வரை வந்து, "குடை எடுத்துக்கிட்டியா?" என்று கேட்ட மனுஷர் அதற்கப்புறம் ஒரு வார்த்தைகூடவா பேசியிருக்க மாட்டார்? கடைசியாக என்ன சொன்னார்? யாரையாவது தேடினாரா? குளிக்கும்போதும் இதே நினைப்பு, துணி மடிக்கும்போதும் இதே நினைப்பு. அந்த ஒரு வார்த்தை தெரியாமல் எனக்கு மனசு ஆறாது.

புது செட் வந்த நாலாம் நாள், பிற்பகல் மூன்று மணி. ஆடு வளர்ப்புப் புத்தகம் ஒன்றை அடித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால், 'குட்டி ஈன்ற ஆட்டுக்கு' என்று நான் விட்ட இடத்துக்குப் பிறகு மூன்று வரி இருந்தது. எந்த மொழியிலும் சேராத எழுத்துகள். ஒரே மெய்யெழுத்துக் கூட்டம், நடுநடுவே எங்கு பார்த்தாலும் அரைப்புள்ளி. பல்லி ஏதாவது கீபோர்டில் ஓடியிருக்கும் என்று அழித்தேன்.

மறுநாள் அதே மூன்று மணிக்கு, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வந்தது. என் இரண்டு கையும் மடியில் இருந்தன. திரையில் எழுத்து ஒவ்வொன்றாக நடந்து வந்தது. வேகமாகக் கொஞ்சம், நிறுத்திக் கொஞ்சம், மறுபடி வேகமாக. பல்லி அப்படி யோசித்து யோசித்து ஓடாது. கீபோர்டைத் தலைகீழாகத் திருப்பிப் பேட்டரி இரண்டையும் பிடுங்கி மேசைமேல் வைத்தேன்.

எழுத்து நிற்கவில்லை.

எழுந்து ஓடியிருக்க வேண்டும். மாமாவையாவது கூப்பிட்டிருக்க வேண்டும். அவர் மூன்று மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவார், அவரை எழுப்பி என்ன சொல்வது? 'மாமா, பேட்டரி இல்லாத கீபோர்டு எழுதுது' என்றா? மருமகளுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று ஊருக்குப் போன் போட்டுவிடுவார். நாலரை மணிக்கு எழுத்து தானாக நின்றது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்கடுத்த நாட்களில் பயம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டரை ஆனதும் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார ஆரம்பித்தேன். தலைகூட வாரிக்கொண்டேன். எனக்கே வெட்கமாக இருந்தது. அவர் கம்ப்யூட்டர், அவர் நாற்காலி, அவர் போன பிறகு வரும் எழுத்து. வேறு யாராக இருக்கும்? கொஞ்சம் வேகம், கொஞ்சம் நிறுத்தம். அவர் பேச்சும் அப்படித்தான் இருக்கும். தினமும் வந்ததைத் தனிக் கோப்பில் சேர்த்து வைத்தேன். ஒரு பகுதி மட்டும் என் கவனம் தப்பிப் புத்தகத்தோடு போய்விட்டது. பதிப்பகத்துக்காரர் போன் செய்தார்.

"என்னம்மா இது, ஆட்டுக்குத் தடுப்பூசி போடற எடத்துல ஏதோ மந்திரம் மாதிரி இருக்கு? நானும் ரெண்டு தடவ வாய்விட்டுப் படிச்சேன், ஒண்ணும் நடக்கல."

"கை தவறிடுச்சு சார்" என்றேன். சிரிப்பு வரவில்லை.

பதிப்பகத்துக்காரர் வாய்விட்டுப் படித்தேன் என்றது மட்டும் மனதில் நின்றது. படிக்க முடியாததை என் கணவர் எதற்கு அனுப்பப் போகிறார்? நான்தான் ஏதோ தப்பாகப் பார்க்கிறேன். இதை யோசித்துக்கொண்டே பாத்திரம் தேய்த்தபோது பளிச்சென்று புரிந்தது. நான் தமிழ் அடிப்பது போனில் அடிக்கிற மாதிரி, ஆங்கில எழுத்தில் ஒலியைத் தட்டினால் தமிழாக மாறும் முறை. அவருக்கு அது பிடிக்காது. அவர் அடித்தது பழைய தட்டச்சு மெஷினின் எழுத்து வரிசை. கம்ப்யூட்டரை என் முறையில் வைத்துக்கொண்டு அவர் வரிசையில் தட்டினால் குப்பையாகத்தான் வரும்.

மறுநாள் மூன்று மணிக்கு முன்பே முறையை மாற்றி வைத்தேன். அவசரத்தில் மவுஸ் இரண்டு தடவை வேறு இடத்தில் போய் அழுத்தியது.

வந்தது. தமிழில் வந்தது.

'பதினொரு மணிக்கே வலி வந்துவிட்டது. கட்டிலில் உட்கார முடியவில்லை. நெஞ்சில் கை. சட்டை முழுக்க வியர்வை.'

வாயைப் பொத்திக்கொண்டேன். தூக்கத்தில் போகவில்லை. வலித்திருக்கிறது. ஏதாவது திருப்பி எழுதலாம் என்று புது கீபோர்டைத் தட்டினேன். அந்த எழுத்து வரிசை எனக்குத் தெரியாது, உளறலாக வந்தது. அழித்துவிட்டு வாய்விட்டே கேட்டேன். "நீங்களா?"

கொஞ்ச நேரம் எழுத்து நின்றது. அந்தக் கொஞ்ச நேரம் நான் நம்பினேன். மறைக்க என்ன இருக்கிறது, முழுசாக நம்பினேன்.

'வாயுதான், ஒருக்களித்துப் படு, சரியாகிவிடும் என்று சொன்னேன். நீ படுத்துக்கொண்டாய். சின்ன வயதிலிருந்து நான் சொன்னதை நீ தட்டியதே இல்லை.'

இரண்டு தடவை படித்தேன்.

'அவளிடம் தூக்கம் என்று சொல்லிவிட்டேன். இப்போது பக்கத்து அறையில்தான் இருக்கிறாள். தனியாகப் பேசிக்கொள்கிறாள். நேற்றும் சாப்பிடவில்லை.'

மேசைக்கு அடியில் நுழைந்து கம்ப்யூட்டரின் பின்பக்கம் கையை விட்டுத் துழாவினேன். சுவரைப் பார்த்த பக்கத்தில் பழைய கீபோர்டின் ரிசீவர் குத்தியபடியே இருந்தது. முன்னால் குத்தினால் காலில் இடிக்கும் என்று என் கணவர் எப்போதும் பின்னால்தான் குத்துவார். புதுசு வந்துவிட்டால் பழசு தானாகச் செத்துவிடும் என்று நான் இருந்துவிட்டேன். அந்த எழுத்து வரிசையை அவருக்குக் கற்றுக்கொடுத்ததே மாமாதான். ஆபீஸ் ஒன்றில் முப்பது வருஷம் டைப்பிஸ்டாக இருந்தவர். அவருக்குத் திரையும் வேண்டாம், கண்ணும் வேண்டாம்.

என் கணவர் வரவில்லை. ஒரு தடவைகூட வரவில்லை. இரண்டாம் முறை தாலி இறங்கிய மாதிரி இருந்தது எனக்கு. அதற்கு மேலே கோபம் வந்தது. வாயுவாம். எழுந்து போய் மாமாவின் கதவைத் தட்டாமல் தள்ளினேன்.

கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் அந்தக் கீபோர்டு. பக்கத்தில் டிவி ரிமோட் மூடி திறந்து, பேட்டரி இல்லாமல் கிடந்தது. கண் எதிர்ச்சுவரில் நின்றிருக்க, விரல்கள் மட்டும் தம்போக்கில் போய்க்கொண்டிருந்தன. என்னைப் பார்த்ததும் சட்டென்று போர்வையை இழுத்து மூடினார்.

"சும்மா... விரலுக்குப் பழக்கம்மா. மரத்துப்போகுது."

"எல்லாத்தையும் படிச்சேன் மாமா."

"எதை?"

"நீங்க அடிச்சதை. பதினோரு மணிக்கு வலி வந்ததை. வாயுன்னு சொன்னதை. எல்லாம் என் கம்ப்யூட்டர்ல வந்துச்சு."

அவருக்குக் கோபம் வரும், அல்லது அழுவார், இரண்டுக்கும் தயாராகத்தான் நின்றேன். அவர் போர்வையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"அப்ப... அவனுக்குப் போகலையா?"

திட்டத்தான் போனேன். அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"இல்ல மாமா. எனக்குத்தான் வந்துச்சு."

தலையாட்டினார். ரொம்ப நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தார். போர்வைக்குள் விரல்கள் அசைவது தெரிந்தது. சொல்ல முடியாததை அங்கே அடிக்கிறார் என்று புரிந்தது. போர்வையை விலக்கி, கீபோர்டை எடுத்து என் பின்னால் வைத்துக்கொண்டேன்.

"அடிக்க வேணாம். வாயால சொல்லுங்க. உங்களை மன்னிக்க என்னால இப்போ முடியல, பொய் சொல்ல மாட்டேன். ஆனா எனக்குத் தெரியணும். கடைசியா அவர் என்ன சொன்னார்?"

வெறும் மடியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"உன்னைக் கூப்பிடச் சொன்னான். ரெண்டு தடவை. வேலையில இருப்பா, எதுக்குப் பயமுறுத்தணும்னு நான்தான்..."

"எப்படிச் சொன்னார்? அதே வார்த்தையில சொல்லுங்க மாமா."

"'அவளை வரச் சொல்லுப்பா'ன்னான்."

இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னார்.