வடக்குச் சுவர்ப் பேய்

கிரைஃபன்டால் பேராலயத்தின் வடக்குச் சுவரில் மழைநீரைத் துப்பும் கல்பேய் ஒன்று உண்டு. அதன் மூக்கைப் பார்த்தாலே ரோஸ்விதாவுக்கு எரிச்சல் வரும். அது அவளுடைய மூக்கு.

அவள் அங்கே வழிகாட்டி. கணவன் கெர்னோட் அதே ஆலயத்துப் பட்டறையில் கல்தச்சனாக இருந்து ஓய்வு பெற்றவன். அரித்துப்போன கல்லை எடுத்துவிட்டுப் புதிது செதுக்கும்போது, தெரிந்தவர் முகம் ஒன்றை அதில் சொருகிவிடுவது அந்தப் பட்டறையின் பழக்கம். நாற்பது வருடத்துக்கு முன் ஒரு சண்டைக்கு மறுநாள், கெர்னோட் மனைவியின் முகத்தைச் சொருகிவிட்டான். அந்தக் கோபத்தில், புதுக் கல் வைத்ததைப் பட்டறைப் பதிவேட்டில் எழுத மறந்தான். மானத்தைக் காப்பாற்ற வேண்டி, அது பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பேய் என்று அவள் எல்லோரிடமும் சொல்லி வந்தாள்.

இந்த வருடம் புது விதி வந்தது. கல்லின் காலத்தைத் தப்பாகச் சொல்பவருக்கு வழிகாட்டி அட்டை கிடையாது. சோதிக்க வந்த டாக்டர் ஏபர்ஸ்பாக், வடக்குச் சுவரடியில் நின்று பேயைப் பார்த்தார், கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தாள். மானம் போனால் போகட்டும், அட்டை இருந்தால் போதும்.

"டாக்டர், அது பழசு இல்ல. என் வீட்டுக்காரர் செதுக்கினது. அந்த மூஞ்சி என்னோடதுதான்."

அவள் அழைத்து வந்திருந்த சுற்றுலாக் கூட்டம் மேலே பேயையும் கீழே அவளையும் பார்த்தது. "சேச்சே, உங்கள மாதிரியே இல்லீங்க. அது முகத்துல ஒரு சாந்தம் இருக்கு" என்றாள் ஒரு பெண்மணி.

டாக்டர் பேனாவை எடுத்தார். "ஏம்மா, உளி பட்ட தடத்தப் பாத்தாலே தெரியுதே, எழுநூறு வருஷத்துக் கல்லு. குடும்பக் கதையெல்லாம் இங்க வேணாம். சரியாச் சொல்றீங்களா, அட்டைய வாங்கிக்கட்டுமா?"

"பதின்மூன்றாம் நூற்றாண்டு" என்றாள் ரோஸ்விதா. அட்டை தப்பியது.

வீட்டில் உருளைக்கிழங்கு சூப்பைக் குடித்தபடியே கெர்னோட் எல்லாவற்றையும் கேட்டான். அவள் பட்ட அவமானம் அவன் காதில் ஏறவே இல்லை.

"உளித் தடத்தையா சொன்னாரு? அவரே சொன்னாரா?"

"அவரேதான்."

"அடியே, இன்னொரு தடவ சொல்லு."

அவள் எழுந்து போய்க் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள், அதில் சாந்தம் எங்காவது இருக்கிறதா என்று.